வருண லிங்கத்தில் நின்றவர்கள்

பௌர்ணமியன்று மதியத்துக்கு மேல் செங்கம் சாலையில் வண்டி ஓடாது. ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு வாடகை மாடியில் இருந்த அந்த அலுவலகத்தின் சன்னலைத் திறந்தால், கீழே தலைகள் மட்டும்தான் தெரியும். கவிநிலா அன்று காலையிலேயே கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்துவிட்டாள். இனி கூட்டம் கலைந்த பிறகுதான் வீடு திரும்ப முடியும்.

அவளும் புகழேந்தியும் சேர்ந்து நடத்தும் செயலிக்கு ‘வலம்’ என்று பெயர். வீட்டுக்குள் நிற்கும் சைக்கிளின் பின்சக்கரத்தை ட்ரெய்னர் என்ற இயந்திரத்தில் பூட்டிக்கொண்டு, எதிரே டிவியில் ஓடும் சாலையைப் பார்த்தபடி மிதிக்க வேண்டும். திரையில் ஏற்றம் வந்தால் மிதி கனக்கும். இறக்கம் வந்தால் லேசாகும். வேறு ஊர்களில் அதே நேரத்தில் மிதிப்பவர்களும் அதே சாலையில் சின்னச் சின்ன உருவங்களாகக் கூடவே வருவார்கள். ஒருவர் பெல் அடித்தால் பக்கத்தில் வருபவருக்குக் கேட்கும். சாத்தனூர் அணைச் சாலையும் ஜவ்வாது மலைச் சாலையும் அதில் உண்டு. ஆனால் ஆட்கள் தேடி வருவது, எட்டு லிங்கங்களைக் கடந்து அண்ணாமலையைச் சுற்றி வரும் கிரிவலப் பாதைக்குத்தான்.

அந்தப் பாதையை வைத்துத்தான் இருவருக்கும் ஒரு மாதமாகச் சண்டை.

“கிரிவலத்துல முந்திப் போறவனுக்குப் பாயிண்ட் குடுக்குற ஒரே ஆளு இந்த ஊர்லயே நீதான்டா,” என்றாள் கவிநிலா. “கீழ பாரு. யாராவது ஓடுறாங்களா?”

“கீழ இருக்கிறவங்க மாசத்துக்கு ஒரு வாட்டி வர்றாங்க. நம்மாளுங்க டெய்லி ஏறணும்.” புகழேந்தி டீ கிளாஸைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தான். “எங்கம்மா மூணு மாசம் அந்தச் சைக்கிள்ல துணி காயப்போட்டாங்க. மத்த ரோட்டுல பாயிண்டு, கிரீடம்னு வந்தப்புறம்தான் ஏறி உக்காந்தாங்க. இப்ப சுகர் கம்மியாயிருக்கு. நீ சொல்ற மாதிரி வெறும் மலையைக் காட்டிக்கினு இருந்தா ரெண்டு நாள் பாப்பாங்க. மூணாம் நாள் மறுபடியும் பாவாடை காயும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிச்சிட்ட. அப்ப ஒத்துக்கினேன்னு அர்த்தம்.”

“ஒத்துக்கல. ரேஸ் வேணும்னா ஜவ்வாது ரோட்டுல வெச்சிக்கோ. இங்க சாமி சுத்துறாங்க.”

“விளையாட்டா சுத்தினா சாமி கோச்சுக்குமா?”

சாமி கோபித்துக்கொள்ளும் என்று அவள் நினைக்கவில்லை. மனிதர்கள் என்ன ஆவார்கள் என்பதுதான் அவள் பயம். அதைச் சொன்னால் அவன் இன்னும் கேலி செய்வான் என்று விட்டுவிட்டாள்.

புகழேந்தியின் விளையாட்டு அம்சங்கள் கிரிவலப் பாதையில் அன்றுதான் முதன்முறையாகச் சோதனைக்கு வந்திருந்தன. ஒருவரை முந்தினால் பாயிண்ட். முதலில் சுற்றி முடிப்பவர் பெயருக்கு மேல் அடுத்த பௌர்ணமிவரை கிரீடம். வயதையும் எடையையும் கணக்கில் எடுத்து வேகத்தை ஈடுகட்டும் ஏற்பாடும் இருந்தது. அதனால் அறுபது வயதுக்காரர் இருபது வயதுக்காரரோடு சரிக்குச் சரி போட்டி போடலாம். கடைசியாக ஒரு விதி. ஒரு நிமிடத்துக்கு மேல் மிதிக்காமல் நின்றால் சுற்று ரத்தாகிவிடும். மறுபடியும் ராஜகோபுரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கிரிவலத்தைப் பாதியில் விடக்கூடாது என்று ஊரில் சொல்வார்கள். அந்த மரியாதைக்காகத்தான் வைத்தேன் என்றான் புகழேந்தி. உண்மையாகத்தான் சொன்னான். பொய் சொல்லத் தெரிந்தவன் இல்லை அவன்.

சவாரி தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் கவிநிலா அந்தப் பெயரைக் கவனித்தாள். அலுவலகத் திரையில் சவாரி செய்பவர்களின் பெயர், ஊர், வேகம், நெஞ்சில் கட்டிய பட்டையிலிருந்து வரும் நாடித்துடிப்பு எல்லாம் வரிசையாக ஓடும். இரண்டாவது வரியில் ‘ஆதிமூலம் டிரைவர், கீழ்பென்னாத்தூர்’ என்று இருந்தது.

“புகழ், எங்கப்பா எப்படிடா இதுல வந்தாரு?”

அவன் திரும்பிப் பார்த்தான். “அவரே போன் பண்ணிக் கேட்டாரு. பொதுச் சவாரில சேத்துவிடுப்பான்னு. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

அவளுக்குத் தெரியாது. அப்பாவுக்கு இதயக் குழாயில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தபோது, மெதுவாகச் சைக்கிள் மிதிக்கலாம், நாடி மட்டும் நூற்றுப்பத்தைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அதற்காகத்தான் அவள் வீட்டில் ட்ரெய்னரை வாங்கிப் பூட்டினாள். அவருக்கென்று ஏற்றமே இல்லாத ஒரு சாலையை ஒதுக்கியிருந்தாள். யாரும் முந்தாத, யாரையும் முந்தத் தேவையில்லாத சாலை.

இப்போது திரையில் அவர் பெயருக்கு நேரே நூற்று முப்பத்தொன்று என்று இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது முப்பத்துமூன்றாயிற்று.

“இன்னா சொல்லிக் கேட்டாரு?”

“முப்பது வருசம் பௌர்ணமி ஸ்பெஷல் பஸ் ஓட்டினவன்பா நான்னு சொன்னாரு.” புகழேந்தியின் குரல் இறங்கியிருந்தது. “ஊர்ல இருக்கிறவனையெல்லாம் கொண்டாந்து எறக்கி உட்டேன், ஒரு பௌர்ணமிகூட நான் சுத்தினதில்ல, இப்ப கூட்டத்துல நடக்கவும் முடியாது, இதுலயாவது சுத்திடறேன்னாரு. நான் எப்படி கவி மாட்டேன்னு சொல்லுவேன்?”

அவள் ஏற்கெனவே அப்பாவின் எண்ணை அழுத்தியிருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சைக்கிளில் ஏறும் முன் போனைச் சத்தமில்லாமல் செய்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவது அவர் வழக்கம். அம்மா எல்லம்மாள் காலையிலேயே வேர்க்கடலை பிடுங்க ஊர்க்கோடிக் கொல்லைக்குப் போயிருந்தாள். அவளுடைய போன் அணைந்திருந்தது.

பக்கத்து வீட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் முருகையனைக் கூப்பிட்டாள்.

“சித்தப்பா, எங்க வீட்டுக்குப் போயி அப்பாவை சைக்கிள்லேர்ந்து எறக்குங்க. உடனே.”

“இன்னாம்மா ஆச்சு?”

“நெஞ்சு ரொம்ப அடிச்சிக்குது அவருக்கு. இங்க தெரியுது.”

முருகையன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கடை ஷட்டரை இழுத்துவிடும் சத்தம் போனில் கேட்டது.

அடுத்து அவள் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். வண்டி புறப்பட்டுவிட்டது என்றார்கள். பௌர்ணமிக்காகப் பாதை மாற்றியிருப்பதால் சுற்றித்தான் வர வேண்டும் என்றும் சொன்னார்கள்.

“புகழ், அவரை வெளியில தள்ளிடு. சர்வர்லேர்ந்தே கட் பண்ணிடு.”

அவன் கை நகரவில்லை. “கவி, இங்க பாரு. எமலிங்கத்துகிட்ட அவருக்கு ஒரு வாட்டி நெட்டு போயிருக்கு. சுத்து ரத்தாயிடுச்சி. மனுசன் மறுபடியும் கோபுரத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்காரு. முதல் வாட்டியவிட ரெண்டாம் வாட்டி வேகம் ஜாஸ்தி, வயசுக்குக் கூட்டிக் குடுக்கிறதும் சேந்து முன்னால போனவங்களைப் புடிச்சிட்டாரு. இப்ப தள்ளினா மூணாவது வாட்டி ஆரம்பிப்பாரு.”

ஆரம்பிப்பார். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவள் வேறு வழி தேடினாள். இங்கிருந்தே அவருடைய ட்ரெய்னரின் கனத்தைக் குறைக்கலாம். குறைத்தாள். மிதி லேசானால் உடம்புக்கும் லேசாகும் என்பது அவள் எண்ணம். மிதி லேசானதும் அவர் கால்கள் பறந்தன. வேகம் ஏறியது. நாடி நூற்று நாற்பதைத் தொட்டது. தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்து கனத்தைப் பழையபடி வைத்தாள். ‘அப்பா, நிறுத்துங்க. கவி’ என்று அவர் திரைக்குச் செய்தி அனுப்பினாள். அது திரையின் அடியில் சின்ன எழுத்தில் போகும். கண்ணாடியை அவர் மிதிக்கும்போது போடுவதில்லை. அவர் கண் சாலையில் இருந்தது.

முருகையன் கூப்பிட்டார். “கேட்டு உள்பக்கமா தாழ் போட்டிருக்கும்மா. கதவைத் தட்டித் தட்டிக் கை நோவுது. உள்ள மேளச் சத்தம் கேக்குது, அண்ணன் காதுல விழல. பின்கதவு சாவி அண்ணிகிட்ட இருக்குமில்ல? நான் டிவிஎஸ்ல போயிக் கூட்டியாறேன்.”

“சீக்கிரம் சித்தப்பா.”

“கெளம்பிட்டேன்.”

அந்த மேளமும் அவர்கள் செயலியிலிருந்து வருவதுதான். ஒவ்வொரு லிங்கத்தை நெருங்கும்போதும் நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்கட்டும் என்று சொன்னவள் அவள்தான். கேட்பவர் மனம் உருகும் என்று நினைத்திருந்தாள்.

திரையில் வரைபடம் விரிந்திருந்தது. மலையைச் சுற்றிய மஞ்சள் கோட்டின் மேல் நாற்பது ஐம்பது புள்ளிகள். எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு புள்ளிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போயின. ஒன்று முந்தும். அடுத்த நொடியே மற்றது முந்தும். ஒவ்வொரு முறை முந்தும்போதும் பாயிண்ட் ஏறியது. அப்பாவோடு மல்லுக்கட்டிய மற்ற புள்ளியின் பெயர் சினேகா. ஊர் போளூர். சோதனைக் குழுவில் இருந்ததால் அவளுடைய எண் அவர்களிடம் இருந்தது.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பெடல் சுழலும் சத்தம் பின்னால் கேட்டது.

“சொல்லுங்கக்கா. நெட்டு எதுனா பிரச்சினையா?”

“உன் பக்கத்துல ஆதிமூலம் டிரைவர்னு ஒருத்தர் வர்றாரு இல்ல...”

“அவரா?” சினேகா மூச்சு வாங்கச் சிரித்தாள். “சைடே குடுக்க மாட்டேங்கிறாருக்கா. நான் முந்துனா உடனே பெல்லடிச்சிக்கினே வர்றாரு. நெஜமாவே பஸ் டிரைவரா?”

“எங்கப்பா.”

“ஓ. நல்லா ஓட்டறாருக்கா.”

“அவருக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சிருக்கு சினேகா. இப்ப நாடி நூத்தி நாப்பத்தி ரெண்டு. போனை எடுக்க மாட்டேங்கிறாரு. வீட்ல யாருமில்ல.”

பெடல் சத்தம் தடுமாறியது.

“நான் பின்னால போயிடவாக்கா?”

கவிநிலா வரைபடத்தைப் பார்த்தாள். சினேகா பின்வாங்கினால் அப்பா முதல் ஆளாகிவிடுவார். முதல் ஆளாகிவிட்ட ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க மாட்டார். பின்னால் வருபவனைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இன்னும் அழுத்துவார். முன்னால் விட்டாலும் ஆபத்து, பின்னால் விட்டாலும் ஆபத்து.

இந்த மனிதர் எதற்குப் பிரேக் போடுவார் என்று யோசித்தாள்.

சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அவர் ஓட்டும் பேருந்தில் முன்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறாள். கை காட்டினாலும் நிற்காத வண்டி என்று ஊரில் பேர் வாங்கியவர். ஆனால் சாலையோரத்தில் இன்னொரு அரசுப் பேருந்து பழுதாகி நின்றால், எவ்வளவு தாமதமானாலும் அப்பா ஓரங்கட்டிவிடுவார். பயணிகள் முணுமுணுப்பார்கள். கண்டக்டர் கடிகாரத்தைக் காட்டுவார். “நிக்கிறது வண்டி இல்லய்யா, அங்க ஒரு டிரைவர் நிக்கிறான்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார். ஸ்பானரோ தண்ணீரோ ஒரு வார்த்தையோ, கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார். எந்த டிப்போ வண்டி என்று பார்த்ததில்லை.

“சினேகா, நீ அவரை முந்திப் போயி, கண்ணுக்குத் தெரியிற தூரத்துல டக்குனு நின்னுடணும். வண்டி பழுதான மாதிரி. ஓரமா. அவர் பெல்லடிச்சாலும் பதில் அடிக்காத.”

“நின்னா ஒரு நிமிசத்துல சுத்து போயிடுமேக்கா.”

ஆம். அந்த விதி. இருவரும் நின்றால் இருவரும் ராஜகோபுரத்துக்குத் தூக்கி எறியப்படுவார்கள். அவர் மூன்றாம் முறை தொடங்குவார்.

“புகழ், அந்த ஒரு நிமிச விதியை எடு.”

அவன் கேட்டுக்கொண்டேதான் இருந்தான். தட்டச்சு செய்யவும் தொடங்கிவிட்டான். இரண்டு முறை தவறாக அடித்து அழித்தான். “எடுத்துட்டேன். ஆனா எல்லார்கிட்டயும் போய்ச் சேரக் கொஞ்ச நேரமாவும். அதுக்குள்ள நிக்கச் சொல்லாத.”

“எவ்ளோ நேரம்?”

“தெரியல கவி. நெட்டு அப்படி இருக்கு. கீழ லட்சம் பேரு போன் வெச்சிருக்கான்.”

திரையில் ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. கவிநிலாவுக்கு அதைப் பார்ப்பதா, நாடியைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. நிருதி லிங்கம் கடந்தாயிற்று. பாதை மலைக்குப் பின்புறமாக வளைந்து லேசாக ஏறும் இடம். நாடி நூற்று நாற்பத்தாறு.

“அக்கா,” என்றாள் சினேகா போனில். “நான் இப்ப முதல் ஆளு. எங்க காலேஜ்ல எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க. அடுத்த மாசம் ஸ்டேட் சைக்கிள் ரேஸுக்கு ஆள் எடுக்கிறாங்க, கோச்சும் பாக்கிறாரு.”

மேலும் வற்புறுத்தும் உரிமை தனக்கு இருப்பதாகக் கவிநிலாவுக்குத் தோன்றவில்லை.

சினேகாவே தொடர்ந்தாள். “சரி, எங்க நிக்கணும்னு சொல்லுங்க.”

“வருண லிங்கம். உனக்கு முன்னால தெரியுதா?”

“தெரியுது.”

நீலக் கோடு பாதியில் நின்றது. புகழேந்தி திரையைத் தொட்டு, “போ, போ,” என்றான், மாட்டை ஓட்டுவதுபோல. கீழே யாரோ ஒரு குழு அரோகரா சொல்லிக்கொண்டு போனது. கவிநிலா சன்னல் பக்கம் திரும்பினாள். எதிரே மலை வெயிலில் அப்படியே இருந்தது. என்ன வேண்டுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அண்ணாமலையாரே என்று மட்டும் சொன்னாள்.

“போயிடுச்சி,” என்றான் புகழேந்தி. “இப்ப நிக்கலாம்.”

“சினேகா, நில்லு.”

பெடல் சத்தம் நின்றது. வரைபடத்தில் முதல் புள்ளி வருண லிங்கத்தின் பக்கத்தில் அசையாமல் நின்றது. இரண்டாவது புள்ளி அதை நெருங்கியது. தொட்டது.

தாண்டிப் போயிற்று.

“போயிட்டாருக்கா,” என்றாள் சினேகா. அவள் குரலில் அழுகை இருந்தது. “பெல்லடிச்சிட்டே போயிட்டாரு.”

கவிநிலா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இனி செய்வதற்கு ஒன்றும் மீதியில்லை. அம்மா கொல்லையிலிருந்து வர வேண்டும். வரும்வரை அந்த நெஞ்சு தாங்க வேண்டும்.

புகழேந்திதான் முதலில் பார்த்தான். “வேகம் எறங்குது கவி.”

வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரேயடியாக இல்லை. நிறையப் பயணிகள் ஏறிய வண்டியை ஓரங்கட்டுவதுபோல, சிறுகச் சிறுக. பழுதான வண்டிக்குப் பின்னால் நிறுத்தக் கூடாது, பத்தடி தாண்டி முன்னால்தான் நிறுத்த வேண்டும் என்று அவர் எப்போதோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. புள்ளி நின்றது. திரையில் அவர் பெயருக்கு நேரே வேகம் பூஜ்யம் என்று வந்தது.

“பெல்லடிக்கிறாரு,” என்றாள் சினேகா. “நான் பதில் அடிக்கல. மறுபடியும் அடிக்கிறாரு. அக்கா, எனக்குக் கஷ்டமா இருக்கு.”

“அடிக்காத. அப்படியே இரு.”

நூற்று நாற்பத்து நான்கு. நூற்று நாற்பத்தொன்று. நூற்று முப்பத்தாறு. கவிநிலா ஒவ்வோர் எண்ணையும் உதட்டுக்குள் சொன்னாள். நூற்று முப்பத்திரண்டுக்குப் பிறகு எண் மறைந்து, அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் வந்தது.

புகழேந்தி திரைக்கு அருகே குனிந்தான்.

“பட்டை கழண்டிருக்கும்,” என்றான் புகழேந்தி. “வேர்வையில சில சமயம்...” அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. பட்டை கழன்றாலும் கோடுதான் வரும். துடிப்பே இல்லாவிட்டாலும் கோடுதான் வரும். அதை அப்படி எழுதியவன் அவன்.

சினேகாவின் அழைப்பைத் துண்டித்துவிட்டு அவள் முருகையனை அழைத்தாள். எடுக்கவில்லை; வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். அம்மாவின் போன் இன்னும் அணைந்துதான் இருந்தது. புகழேந்தி எழுந்து நின்றான், பிறகு எதற்காக எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. “என்னாலதான் கவி,” என்றான். அவள் அவன் தோளில் கை வைத்தாள். அவளுக்கு அவன்மேல் கோபமாக இருக்க நேரமில்லை.

போன் அதிர்ந்தது. திரையில் ‘அப்பா’ என்று இருந்தது.

“கவி,” என்றது ஆதிமூலத்தின் குரல். மூச்சு இரைத்தது. “உங்க ரோட்ல ஒரு பொண்ணு வண்டி நின்னுபோச்சும்மா. வருண லிங்கத்தாண்ட. பெல்லடிச்சா பதிலே இல்ல. மயக்கமா இன்னான்னு தெரியல. அது வீட்டு நம்பர் உங்ககிட்ட இருக்கும் பாரு, ஆளனுப்பிப் பாக்கச் சொல்லு.”

அதைச் சொல்லத்தான் அவர் சைக்கிளிலிருந்து இறங்கி, சாமி படத்துக்கு முன்னால் இருந்த போனை எடுக்கப் பூஜையறைவரை போயிருந்தார். நெஞ்சுப் பட்டையின் சிக்னல் அங்கே எட்டாது.

கவிநிலா போனை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். “அந்தப் பொண்ணு நல்லா இருக்குப்பா. நான் பேசிட்டேன். நீங்க உக்காருங்க முதல்ல.”

“உக்காந்துதான் இருக்கேன்.”

“நெஞ்சு வலிக்குதா?”

“வலின்னு இல்ல.” கொஞ்சம் தயங்கினார். “தோள்பட்டையில ஒரு இழுப்பு. அது அப்பவே இருந்துச்சி.”

“அப்பவேன்னா எப்ப?”

“எமலிங்கத்தாண்ட.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “மெதுவா எழுந்து கேட்டைத் தொறந்து வெச்சிட்டு வந்து கட்டில்ல படுங்க. ஆம்புலன்ஸ் வந்துக்கினு இருக்கு. அம்மாவும் வர்றாங்க.”

“எதுக்கும்மா அதெல்லாம்? பாதியில உடக் கூடாதும்மா. இன்னும் குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் எல்லாம் இருக்கு.”

“பாதியில உடலப்பா நீங்க. ஒருத்தருக்காக நின்னிருக்கீங்க. நின்னா சுத்து போகாது, நாங்க மாத்திட்டோம்.”

மறுமுனையில் தாழ் நகரும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து டிவிஎஸ் வண்டிச் சத்தம், முருகையனின் குரல், எல்லாவற்றுக்கும் மேலே எல்லம்மாளின் குரல்: “மல்லாட்ட புடுங்கப் போனவளை ஓட ஓட உட்டீங்க. சைக்கிள் மிதிக்கிற மூஞ்சப் பாரு. படுங்க முதல்ல. படுங்கன்றேன்.”

அப்போதுதான் கவிநிலா அழுதாள்.

ஆம்புலன்ஸ் அப்பாவைத் திருவண்ணாமலைக்கே கொண்டுவந்தது; ஆஸ்பத்திரிக்கு அவள் நடந்துதான் போக வேண்டியிருந்தது. ஊர்ப்பக்கம் போக, வரும் கூட்டத்தை எதிர்த்து நடக்க வேண்டும். கிரிவலத்தில் எதிரே வருகிறவளைப் பார்த்து முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். “அப்பா ஆஸ்பத்திரியில,” என்று ஒருவரிடம் சொன்னாள். அவர் முன்னால் இருந்தவர் தோளைத் தட்டிச் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். சேலம், வேலூர், ஆந்திரா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். அவளை யாரென்று தெரியாது. ஆனாலும் அவள் நடக்க நடக்க அவளுக்கு முன்னால் ஓர் ஆள் அகலத்துக்கு வழி விலகிக்கொண்டே போனது. ஒரு தெலுங்குக்கார அம்மாள் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் திணித்துவிட்டு, பேர் கேட்காமல் போனாள்.

பொழுது சாயும் நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். புது அடைப்பு எதுவும் இல்லை என்றார். இதயம் மிகவும் களைத்திருக்கிறது, இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். “இன்னும் கொஞ்ச நேரம் மிதிச்சிருந்தா வேற மாதிரி ஆயிருக்கும். எதுக்குத்தான் நிறுத்தினாரு? இவரைப் பாத்தா நிறுத்துற ஆளு மாதிரி தெரியல.”

கட்டிலில் ஆதிமூலம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எல்லம்மாள் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். திட்டி முடித்திருந்தாள்.

கவிநிலாவின் போன் அடித்தது. சினேகா.

“அக்கா, அவர் எப்படி இருக்காரு?”

“நல்லா இருக்காரும்மா. பேசுறாரு.”

“சரிக்கா.” ஒரு தயக்கம். “நான் இன்னும் வருண லிங்கத்துலதான் நிக்கிறேன். நீங்க போலாம்னு சொல்லல, அதான். எங்கம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க. போலாமா?”

கவிநிலா அவளை மறந்தே போயிருந்தாள். இத்தனை நேரம். பேச்சைக் கேட்டு ஆதிமூலம் இந்தப் பக்கம் திரும்பிக் கை நீட்டினார். போனைக் கொடுத்தாள்.

“வண்டி நின்ன பொண்ணாம்மா நீ? இன்னா ஆச்சு, செயினா?”

“வண்டிக்கு ஒண்ணுமில்ல அங்கிள். நான் நின்னா நீங்களும் நிப்பீங்கன்னு அக்கா சொன்னாங்க.”

அவர் மகளைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். “ஏமாத்திட்டீங்க ரெண்டு பேரும்,” என்றார். குரலில் கோபம் இல்லை. “கிரீடம் போச்சே உனக்கு.”

“போவட்டும் அங்கிள்.”

“கோச் திட்டுவாரா?”

“திட்டினாரு. அப்புறம் விசயத்தைச் சொன்னேன். வாயை மூடிக்கினாரு.”

அவர் சிரிக்க முயன்றார், தோள் வலித்தது. “போயி சாப்பிடும்மா. சாப்டுட்டு நீ பாட்டுக்குச் சுத்தி முடி. எனக்காக நிக்காத. நான் பின்னால மெதுவா வரேன். எப்ப வருவேன்னு டாக்டர்தான் சொல்லணும்.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கட்டிலின் பக்கத்தில் இருந்த இயந்திரத்தில் அவருடைய நாடி எண்பத்து நான்கு என்று ஓடிக்கொண்டிருந்தது.

கவிநிலா வராந்தாவுக்கு வந்து புகழேந்தியை அழைத்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவன் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

“முந்துனா பாயிண்ட் எடுத்துட்டேன் கவி,” என்றான். “கிரிவலத்துல இனிமே அது இல்ல. கிரீடமும் இல்ல.”

“இன்னிக்கு கிரீடம் யாருக்கு வந்துச்சு?”

“செய்யாறு பையன் ஒருத்தன். அவனைத் திட்டாத, அவனுக்கு ஒண்ணும் தெரியாது.”

“எதுக்குத் திட்டணும்? நல்லா இருக்கட்டும்.”

“நான் ஒண்ணு யோசிச்சேன். நின்னவங்க பக்கத்துல நிக்கிறவங்களுக்கு பாயிண்ட் குடுத்தா? அந்த வெளையாட்டு நல்ல வெளையாட்டுதானே?”

அவள் யோசித்தாள். அவன் மனம் நல்லது. அதனால் உடனே மறுக்கத் தோன்றவில்லை. “வேணாம் புகழ். கூட ஆள் வர்றது இருக்கட்டும், பெல் இருக்கட்டும். உங்கம்மா டெய்லி ஏறட்டும். நிக்கிறதுக்கு மட்டும் பாயிண்ட் குடுக்காத. குடுத்தா அப்புறம் பாயிண்டுக்காக நிப்பாங்க.”

“குடுக்கலன்னா யாரு நிப்பா?”

அவள் பதில் சொல்லும் முன் அவன் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. “இரு, ஒரு நிமிசம். இது இன்னா?”

“இன்னா?”

“வருண லிங்கத்துல கூட்டமா நிக்கிறாங்க. சினேகா ஒருத்திதான் நிக்கிறான்னு நெனச்சேன். பதினாலு பேரு இருக்காங்க கவி. பின்னால வந்தவங்கல்லாம் ஒவ்வொருத்தரா நின்னிருக்காங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. நீ சொன்னியா?”

“இல்லியே.”

“இரு, கேக்குறேன்.” இன்னொரு போனில் யாரையோ அழைத்துப் பேசினான். அவன் பேச்சு அவளுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. “ஆரணியில ஆதிலட்சுமின்னு ஒரு டீச்சர். ஏம்மா நிக்கிறீங்கன்னு கேட்டேன். யாரோ நின்னிருக்காங்க தம்பி, இன்னான்னு தெரிஞ்சிக்காம எப்படி தாண்டிப் போறதுன்னு சொல்றாங்க. மத்தவங்களும் அதுக்குத்தான் நிக்கிறாங்க போல. இவங்களுக்கு நான் இன்னா சொல்லட்டும் கவி?”

கவிநிலா கதவு வழியாக உள்ளே பார்த்தாள். அப்பா தூங்கிவிட்டிருந்தார்.

“ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாம போச்சு, இப்ப தேவலைன்னு சொல்லு,” என்றாள். “நிதானமா போயி முடிக்கச் சொல்லு.”